ஹியூவுக்கு நான் பேசின கலியாணம்

பிள்ளையள், முதல்லை ஒண்டு சொல்லிப்போடுறன். என்னை இண்டைக்குக் கூப்பிட்டது, குடும்ப வரலாறு தேடப் பழகிற உங்களுக்கு மைக்ரோபிலிம் மெசினை எப்பிடிச் சுத்திறது எண்டு காட்டத்தான் எண்டால், நான் இப்பவே ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவன். அந்த மெசினை இப்ப ஒருத்தரும் தொடுறேல்லை. நீங்கள் ஒரு பெயரை அடிக்கிறியள், நூறு பதில் வந்து விழுது, வடிவான ஒண்டை எடுத்து குடும்ப மரத்திலை ஏத்திப்போட்டுக் கோப்பி குடிக்கப் போறியள். எனக்கு அந்தக் கோப்பியிலைதான் பயம். பின்வரிசையிலை இருந்து போன் பாக்கிற தம்பி, உமக்கும்தான் சொல்லுறன்.

நான் இந்தத் தொழிலிலை இருபத்தேழு வருசம் இருந்தனான். இங்கிலாந்திலை எழுநூறு வருசத்துக்கு முந்திக் காணி வைச்சிருந்த ஆக்கள் ஆர், பிள்ளையள் ஆர், காணி ஆருக்குப் போனது எண்டு ரொறன்ரோவிலை இருந்துகொண்டு தேடிக் குடுக்கிறது. யாழ்ப்பாணத்தானுக்கு உது என்ன வேலை எண்டு என்ரை மச்சான்மார் இண்டைக்கும் கேக்கினம். நான் சொல்லுறது, ஊரிலை ஓசியாச் செய்த வேலைக்கு இஞ்சை சம்பளம் தருகினம் எண்டு. புது ஆள் ஒருத்தரைக் கண்டால் எந்த ஊர், ஆரின்ரை மகன், தாய் எந்தப் பகுதி, ஆரைக் கட்டினவர், எந்தக் காணி சீதனமா வந்தது எண்டு அஞ்சு நிமிசத்திலை கறந்துபோடுற ஆக்கள் நாங்கள். அதே கேள்வியளைச் செத்தவையிட்டைக் கேக்கிறதுதான் இந்தத் தொழில். செத்தவை பதில் சொல்லக் கொஞ்சம் பஞ்சிப்படுவினம், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை அகதியா வந்து இறங்கினனான். ரெக்ஸ்டேலிலை ஒரு ஃபக்டரியிலை பிளாஸ்டிக் வாளிக்குக் கைபிடி கொழுவிற வேலை. ஊரிலை நான் நொத்தாரிசு ஒருத்தரிட்டைக் கிளாக்கா இருந்தனான். வடக்கெல்லை, கிழக்கெல்லை, கிணத்துப் பங்கு, வழிவாய்க்கால் எண்டு பதினாறு வருசம் காணி உறுதிப் பத்திரம் எழுதின கை, இஞ்சை வந்து வாளிக்குக் கைபிடி கொழுவிச்சு. அப்பிடியிருக்கேக்கைதான் பேப்பரிலை ஒரு சின்ன விளம்பரம் கண்டன். பழைய காணி ஆவணங்களைப் பொறுமையா வாசிக்கிற ஆள் தேவையாம். வாளியை வைச்சிட்டு ஓடினன்.

ஒஃபிஸ் வெக்ஸ்போர்ட்டிலை ஒரு கார்ப்பெற் கடைக்கு மேலை. பொஸ் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. பிள்ளை எண்டு சொல்லுறன், ஏனெண்டால் என்னிலும் பன்ரெண்டு வயசு குறைவு. தலையிலை ஒரு கண்ணாடி, மூக்கிலை ஒரு கண்ணாடி, கையிலை எந்த நேரமும் பச்சைக் கரட். ஒரு உறுதியின்ரை சுருக்கத்தைத் தந்து, என்ன தெரியுது எண்டு கேட்டா. நான் ரண்டு தரம் வாசிச்சிட்டு, "கிணத்தைப் பற்றி ஒண்டும் எழுதேல்லையே, உந்தச் சனம் தண்ணிக்கு என்ன செய்தது?" எண்டன். கரட்டைக் கடிக்கிறதை நிப்பாட்டினா. அண்டைக்கே வேலை கிடைச்சுது.

ஆனால் தற்காலிக வேலை. நிரந்தரமாக்கிறதை முதல் பெரிய வேலை முடியப் பாப்பம் எண்டா. எனக்கு அந்த "நிரந்தரம்" எண்ட சொல்லுத்தான் முக்கியம். என்ரை மனிசியும் மகளும் கொழும்பிலை, வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜ் அறையிலை இருந்தவை. நான் வெளிக்கிடேக்கை மகளுக்கு ஒண்டரை வயசு, இப்ப நாலு. லோயர் சொல்லியிருந்தார், நிரந்தர வேலைக் கடிதம் ஒண்டு இருந்தால் அவையைக் கூப்பிடுற ஃபைல் உறுதியா நிக்கும் எண்டு. நான் அந்தக் கடிதத்துக்காகத்தான் காலமை எழும்பினனான்.

பொஸ்ஸிட்டை ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் என்னத்தைச் சொன்னாலும் அவ கேக்கிறது, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" ஆதாரம் இருந்தால் மரத்திலை முழுக்கோடு. இல்லாட்டில் புள்ளிக்கோடு. எனக்கு முதல் மாசம் அந்தக் கேள்வியைக் கேக்கப் பத்திக்கொண்டு வரும். வெளியிலை மழை பெய்யுது எண்டு சொன்னாலும் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பாவோ எண்டு நினைக்கிறது. ஒரு நாள் கேட்டா.

முதல் பெரிய வேலை வந்தது ஸ்ரௌவ்வில் பக்கத்திலை இருந்து. இப்ப அங்கை எங்கடை ஆக்கள் வீட்டுக்கு மேலை வீடு வாங்கினம், அப்ப சோளமும் மாடும்தான். பாத்ரூம் ஓடு வித்துப் பெரியாளா வந்த ஒரு வெள்ளைக்காரர், வயசு எழுபது, முறுக்கு மீசை. எழுநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்திலை இருந்த ஹியூ எண்ட காணிக்காரர் ஒருத்தர்தான் தன்ரை பரம்பரையின்ரை தொடக்கம் எண்டு அவருக்குத் தகப்பன் சொல்லியிருக்கிறார். அதை ஆதாரத்தோடை கீறித் தரவேணும். ஜூலை மாசம் குடும்பம் முழுக்க, அறுபது பேர், தன்ரை பண்ணைக்கு வருகினமாம். அங்கை தொங்கவிடப் பத்தடி நீளத்திலை ஒரு சார்ட் வேணுமாம். நானும் பொஸ்ஸும் எங்களுக்குள்ளை அவரைப் பிரபு எண்டுதான் சொல்லுறது.

ஹியூவிலை இருந்து பிரபு வரைக்கும் கோடு நல்லா வந்தது. அதைச் சொல்லி உங்களை அறுக்கமாட்டன். பிசகினது ஹியூவின்ரை கலியாணத்திலைதான்.

என்ரை கையிலை ரண்டு கடதாசி. ஒண்டு ஒரு வழக்குக் குறிப்பு. ஹியூவின்ரை தாய், வால்டர் எண்ட காணிக்காரரின்ரை சகோதரி எண்டு அதிலை இருந்தது. அப்ப வால்டர், ஹியூவின்ரை தாய்மாமன். மற்றக் கடதாசியிலை, வால்டர் தன்ரை மகள் ஆலிஸை ஹியூவுக்குக் கட்டிக் குடுத்து, அவளோடை ஒரு புல்வெளியும் தண்ணியிலை ஓடுற மா ஆலையிலை அரைப்பங்கும் குடுக்கிறார்.

பிள்ளையள், எனக்குக் கண் கலங்கிப்போச்சு. சீதன உறுதி. என்ரை கையாலை எத்தினை எழுதியிருப்பன். தாய்மாமன் மருமகனுக்கு மகளைக் குடுத்து, காணி வெளியாலை போகாமல் குடும்பத்துக்குள்ளையே நிக்கிற மாதிரி எழுதியிருக்கிறார். எழுநூறு வருசத்துக்கு முந்தியும் மனிசர் மனிசராத்தான் இருந்திருக்கினம் எண்டு நினைச்சன். அரை ஆலை மட்டும் எனக்குக் கொஞ்சம் குறைவாப் பட்டுது. ஹியூவின்ரை தகுதிக்கு முழு ஆலை கேட்டிருக்கலாம். மற்றப்படி பொருத்தம் நல்ல பொருத்தம். கடும் கறுப்பு மையாலை முழுக்கோடு இழுத்துவிட்டன். பொஸ் ஒவ்வொரு கோட்டுக்கும் எப்பிடித் தெரியும் எண்டு கேட்டுக்கொண்டு வந்தவ, அதிலை வரேக்கை டெலிபோன் அடிச்சுது. "இது தெளிவு" எண்டன். தலையாட்டிப்போட்டு டெலிபோனை எடுத்தா.

இனித் தாராக் கதை. இங்கிலிசுக் காணிக்காரருக்குக் கேடயச் சின்னம் எண்டு ஒண்டு இருக்கு. வால்டர் மாமாவின்ரை சின்னம் மூண்டு தாரா, குளத்திலை நீந்திற வாத்துத்தான். ஆண்பிள்ளை இல்லாட்டில் சின்னம் மகளுக்குப் போய், அவளின்ரை பிள்ளையளுக்குப் போகும். ஆலிஸுக்கூடாகத் தாரா பிரபுவுக்கு வந்து சேந்திட்டுது. மனிசனுக்குத் தலைகால் தெரியேல்லை. பண்ணை வாசலிலை மூண்டு தாரா கீறுவிச்சார். அறுபது ரீசேட்டிலை மூண்டு தாரா அடிப்பிச்சார். கேக்கிலையும் தாரா போடுறாங்களாம் எண்டு டெலிபோன் எடுத்துச் சொன்னார். சார்ட்டைப் பெயர்ப்பலகை எழுதிற ஆள் ஒருத்தர் பெயின்ராலை எழுதிப் பண்ணைக்கு அனுப்பியாச்சு.

சனிக்கிழமை விழா. வியாழக்கிழமை பின்னேரம் பொஸ் கரட்டோடை வந்து, எங்களிட்டை இருந்த சார்ட்டின்ரை கொப்பியைப் பாத்துக்கொண்டு நிண்டா.

"இந்த ஹியூ கட்டினது தாயின்ரை சகோதரன்ரை மகளையோ?"

"ஓம்."

"சொந்த மச்சாளை."

"ஓம், ஓம்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குக் கேள்வியே விளங்கேல்லை. "அது அப்பிடித்தானே" எண்டன். பிறகு, இவவுக்கு உலக விசயம் தெரியாதாக்கும் எண்டு இரக்கப்பட்டு, "நானும் என்ரை தாய்மாமன்ரை மகளைத்தான் கட்டினனான்" எண்டும் சொன்னன்.

கரட் வாய்க்குக் கிட்டப் போய் அப்பிடியே நிண்டுது. மெதுவாக் கதிரையிலை இருந்தா. பிறகு சொன்னா. அந்தக் காலத்து இங்கிலாந்திலை சொந்த மச்சாளைக் கட்டேலாது. ரண்டு பேருக்கும் பாட்டன்ரை பாட்டன் ஒருத்தராய் இருந்தாலே கட்டேலாது. பாப்பரசரிட்டை விசேச அனுமதி எடுக்கவேணும். இல்லாட்டில் அது கலியாணமே இல்லை, பிறக்கிற பிள்ளையளுக்குக் காணியும் இல்லை. "உங்கடை சார்ட்டின்ரைபடி சனிக்கிழமை வாற அறுபது பேரும் முறையில்லாமல் பிறந்த பரம்பரை" எண்டா.

ஒரு பேச்சுக்குக்கூட நான் அதை யோசிக்கேல்லை.

பொஸ் எழும்பி, எனக்குப் பின்னாலை இருந்த தட்டிலை ஒரு புத்தகத்தை எடுத்தா. காணிக்காரர் ஒருத்தர் செத்தால் அந்த ஊர் ஆக்கள் பன்ரெண்டு பேரைக் கூப்பிட்டு, என்ன காணி வைச்சிருந்தவர், உரித்துக்காரர் ஆர் எண்டு சத்தியம் பண்ணுவிச்சு எழுதின விசாரணையளின்ரை சுருக்கம். என்ரை கதிரையிலை இருந்து கையை நீட்டினால் முட்டும். மூண்டே மூண்டு வரி. வால்டர் செத்திட்டார். காணி இவ்வளவு. உரித்துக்காரர், மகள் ஜோன், வயசு நாலு.

ஹியூவுக்குச் சீதனம் எழுதினது அதுக்கு ரண்டு வருசத்துக்குப் பிறகு. செத்த மனிசன் ரண்டு வருசம் கழிச்சு எழும்பி வந்து, தனக்கு இல்லாத ஒரு மகளுக்கு அரை ஆலை குடுத்திருக்கிறார். அப்ப இவர் வேற வால்டர். ஏழு மைல் தள்ளி அதே பெயரிலை ஒருத்தர் இருந்திருக்கிறார். ஆலிஸ் அவரின்ரை மகள். ரண்டு வால்டரும் ஒராள்தானோ எண்டு நான் ஒருக்காலும் கேக்கேல்லை. மாமன் மருமகனுக்குப் பொம்பிளை குடுக்கிறதுக்கு ஆதாரம் கேக்கிற ஊரிலை நான் பிறக்கேல்லையே.

இதுதான் பிள்ளையள் நான் சொல்ல வந்தது. உங்களுக்குப் புதினமாத் தெரியிறதை நீங்கள் பத்துத்தரம் பாப்பியள், அதிலை பிழை வராது. உங்கடை வீட்டிலை நடக்கிற மாதிரித் தெரியிறதைப் பாக்கவே மாட்டியள்.

பொஸ் என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் சுகமா இருந்திருக்கும். "ரண்டு வழி இருக்கு" எண்டா. "திங்கட்கிழமை அமைதியா ஒரு கடிதம் எழுதலாம். இல்லாட்டில் சனிக்கிழமை சொல்லலாம். சனிக்கிழமை சொன்னால் இந்த மனிசன் எங்களை விட்டிட்டுப் போவார். அவர் போனால் புது ஆள் ஒருத்தரை நிரந்தரமா வைச்சிருக்க என்னாலை ஏலுமோ தெரியாது. உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுறன். கோடு நீங்கள் கீறினது. யோசியுங்கோ."

வெள்ளிக்கிழமை முழுக்க யோசிச்சன். யோசிக்கிறது எண்டால் சொல்லாமல் விடுறதுக்கு நியாயம் தேடினன் எண்டு அர்த்தம். நல்ல நல்ல நியாயமா வந்தது. அறுபது பேரிலை ஒருத்தருக்கும் தெரியப்போறேல்லை. ஹியூ கோபிக்கப்போறேல்லை. ரீசேட் ஏற்கெனவே அடிச்சாச்சு.

சனிக்கிழமை காலமை, வழமைபோலை கொழும்புக்கு டெலிபோன் எடுத்தன். மனிசி வெள்ளவத்தையிலை, காசு குடுத்து டெலிபோன் கதைக்கிற ஒரு கொமினிகேசன் கடையிலை வந்து காத்துக்கொண்டு நிப்பா.

"என்ன, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒருத்தனைப் பிழையான இடத்திலை கட்டிக் குடுத்திட்டன்."

"கலியாணம் பேசிற வேலையோ அங்கை செய்யிறியள்? ஒஃபிஸ் வேலை எண்டெல்லோ சொன்னனீங்கள்."

முழுக்கச் சொன்னன். டெலிபோன் கார்ட் முடிஞ்சு போகுது, மனிசி விடேல்லை.

"மாமன்ரை மகளைக் கட்டினால் அதிலை என்ன பிழை?"

"அவன் கட்டேல்லையப்பா. வேற வால்டரின்ரை மகளைக் கட்டினவன்."

"அப்ப மாமன்ரை மகளுக்கு என்ன நடந்தது?"

"அவளுக்கு நாலு வயசு. தகப்பனும் செத்திட்டார்."

"பேந்து?"

"பேந்து தெரியாது. எங்கடை சார்ட்டுக்கு அவள் தேவையில்லை. அதாலை பாக்கேல்லை."

என்ரை மகள் பின்னாலை நிண்டு, கடைக்காரரிட்டை என்னவோ கேட்டு நச்சரிக்கிறது கேட்டுது. பிறகு மனிசி சொன்னா, "நாலு வயசுப் பிள்ளையைத் தேவையில்லை எண்டு விட்டிட்டியளோ?"



"கடிதம் வராட்டில்?" எண்டன்.

"வராட்டில் இருப்பம். இவ்வளவு நாளும் இருக்கேல்லையோ? பிழையான கடதாசியைக் காட்டி என்னைக் கூப்பிடவேண்டாம்." அதோடை கார்ட் முடிஞ்சுது.

பொஸ்ஸின்ரை காரிலை ஸ்ரௌவ்வில் போனம். பண்ணைக்குக் கிட்ட வரேக்கை, "சொல்லப்போறன்" எண்டன். "ஓகே" எண்டு போட்டு எனக்கு ஒரு கரட் தந்தா. நான் அதைக் கையிலையே வைச்சிருந்தன்.

பண்ணையிலை வெள்ளைக் கூடாரம். அறுபது பேரின்ரை நெஞ்சிலை நூற்றியெண்பது தாரா. கைக்குழந்தைக்கும் போட்டிருந்தவை. கேக்கிலை மஞ்சள் ஐசிங்கிலை மூண்டு. பத்தாததுக்கு குளத்திலை உண்மையான தாரா ஆறேழு, என்ன நடக்குது எண்டு விளங்காமல் எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டுதுகள். பிரபு அந்த ஜூலை வெக்கையிலை வெல்வெற் போர்வை ஒண்டைத் தோளிலை போட்டு, வேர்த்து ஒழுகிக்கொண்டு நிக்கிறார். சார்ட் திரைச்சீலையாலை மூடிக் கிடந்தது. திரையை விலக்கி, சனம் கைதட்டி ஓய்ஞ்ச பிறகு, "இதைக் கண்டுபிடிச்ச நிபுணர்" எண்டு என்னைக் கூப்பிட்டார். நான் கரட்டோடை மேடையிலை ஏறினன்.

"சேர், இதிலை ஒரு கோடு பிழை. நான்தான் கீறினது" எண்டன்.

என்ரை இங்கிலிசிலை, எனக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னன். எங்கடை ஊரிலை தாய்மாமன்ரை மகளைக் கட்டுறது முறை. நானும் அப்பிடித்தான். அதாலை உங்கடை ஹியூவுக்கும் நானே கலியாணம் பேசி முடிச்சுப்போட்டன். அவர் கட்டினது வேற மனிசன்ரை மகளை. அந்த மனிசன்ரை சின்னம் என்னெண்டு எனக்கு இன்னும் தெரியாது. சொல்லிப்போட்டு, பொஸ்ஸிட்டை மார்க்கரை வாங்கி, அந்தக் கறுப்புக் கோட்டுக்கு மேலை பெரிசா ஒரு குறுக்கு வெட்டு வெட்டினன்.

பிரபுவின்ரை மீசை ஒரு பக்கம் இறங்கிப்போச்சு. "அப்ப தாரா?" எண்டார்.

"தாரா உங்கடை இல்லை, சேர்."

அறுபது பேரும் ஒரே நேரத்திலை குனிஞ்சு தங்கடை நெஞ்சைப் பாத்தவை. எனக்கு அந்த இடத்திலை சிரிப்பு வரப் பாத்துது. கரட்டைக் கடிச்சு அடக்கினன்.

பிரபு வாயைத் திறந்தார். என்னைத் திட்டத்தான் திறந்திருப்பார். அதுக்கிடையிலை முன்வரிசையிலை, சக்கர நாற்காலியிலை இருந்த அவரின்ரை அன்ரி, தொண்ணூறைத் தாண்டின மனிசி, ஊன்றுகோலாலை நிலத்திலை ரண்டு தட்டுத் தட்டினா.

"மச்சாளைக் கட்டினதுக்கு ஏன் இந்தப் பாடு? உன்ரை கொப்பரும் கொம்மாவும் ஆரெண்டு நினைச்சாய்? சொந்த மச்சானும் மச்சாளும்தான். நான்தான் பொம்பிளைத் தோழி."

அவ சொன்னது இங்கிலிசிலை. என்ரை காதிலை இப்பிடித்தான் விழுந்தது. பிரபுவுக்கு எழுபது வயசு வரைக்கும் அது தெரியாது. ஒருத்தரும் சொல்லேல்லை, அவரும் கேக்கேல்லை. மனிசன் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார். போர்வை கேக்கிலை தோய்ஞ்சு ஐசிங் தாரா ஒண்டு அழிஞ்சுபோச்சு. பின்னாலை ஆரோ ஒரு பெடிச்சி சிரிக்கத் தொடங்க, கூடாரம் முழுக்கப் பத்திக்கொண்டுது. கடைசியிலை பிரபுவும் சிரிச்சார், அழுது துடைச்சுக்கொண்டு.

சிரிப்பு அடங்க, அந்த அன்ரிதான் கேட்டா. "அப்ப இந்தத் தாரா ஆரின்ரை?"

"ஜோன் எண்ட நாலு வயசுப் பிள்ளையின்ரை. தகப்பன் செத்திட்டார்."

"அவளுக்கு என்ன நடந்தது?"

கொழும்பிலை காலமை கேட்ட அதே கேள்வி. பொஸ்ஸைப் பாத்தன். அவ கூடாரத்துக் கம்பத்திலை சாஞ்சுகொண்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டா.

"தெரியாது" எண்டன். "நான் தேடேல்லை. தேடியிருக்க வேணும்."

அன்ரி பிரபுவின்ரை பக்கம் திரும்பினா. "இந்த மனிசனைத் தேடச்சொல்லு. ஒரு பிள்ளையின்ரை சாமானை நெஞ்சிலை போட்டுக்கொண்டு நிக்கிறம். அவளுக்கு என்ன நடந்தது எண்டு தெரியாமல் நான் சாகமாட்டன்."

அந்த மனிசி சொன்னால் பிரபு தட்டமாட்டார் எண்டு அப்பதான் கண்டன். ஜோனைத் தேடுற வேலை எங்களுக்கு வந்தது. திங்கட்கிழமை பொஸ் கடிதத்தை அடிச்சுத் தந்தா. நிரந்தரம் எண்டு இருந்தது. அதுக்குக் கீழை, தான் கீறின பிழைக்கோட்டைத் தானே வெட்டுற ஆள் எண்டு ஒரு வரி. லோயர் அந்த வரி ஏன் எண்டு கேட்டார், விளங்கப்படுத்தப் பஞ்சியிலை விட்டிட்டன்.

ஆனால் ஃபைல் உடனை ஓடேல்லை. மகளின்ரை பிறப்புப் பத்திரம் இல்லை. ஊரிலை பதிஞ்ச கந்தோர் எரிஞ்சுபோச்சு, வீட்டிலை இருந்த கொப்பி இடம்பெயர்ந்து ஓடேக்கை துலைஞ்சுபோச்சு. பிள்ளை இருக்கு, பிள்ளை பிறந்ததுக்குக் கடதாசி இல்லை. நான் அங்கை ஜோனைத் தேடிக்கொண்டு, இஞ்சை என்ரை பிள்ளை பிறந்தவள் எண்டு காட்ட வழியில்லாமல் திரிஞ்சன்.

தேடத் தொடங்கி ஏழாம் மாசம், மைக்ரோபிலிமிலை ஜோன் வந்தாள். நாலு வயசிலை ஆரோ ஒரு பெரியவரின்ரை பொறுப்பிலை விட்டிருக்கினம், அவர் காணியின்ரை விளைச்சலைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். வயசு வந்தவுடனை அவள் தன்ரை காணியைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் பிறப்புப் பத்திரம் இல்லை. அந்தக் காலத்திலை ஆருக்கும் இல்லை. அதுக்கு என்ன செய்தவை எண்டால், ஊர் ஆக்கள் பன்ரெண்டு பேரைக் கூப்பிட்டு, இவள் பிறந்த நாள் உங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டிருக்கினம். ஒருத்தர் சொல்லுறார், அண்டைக்குத்தான் என்ரை மாடு கிணத்துக்குள்ளை விழுந்தது. மற்றவர், நான் அண்டைக்குக் கூரையாலை விழுந்து கால் முறிஞ்சனான். இன்னொருத்தர், பிள்ளை பிறந்த சந்தோசத்திலை வால்டர் தந்ததைக் குடிச்சிட்டு வழியிலை படுத்தனான், மனிசி இன்னும் சொல்லிக்காட்டுறா. எல்லாம் எழுத்திலை இருக்கு. காணி ஜோனுக்குக் கிடைச்சுது. தாராவும்.

நான் பொஸ்ஸைப் பாத்தன், பொஸ் என்னைப் பாத்தா. கிணறும் ஒருவழியா வந்திட்டுது எண்டா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கடை ஊர் ஆக்கள் ஆறு பேரை என்ரை அப்பார்ட்மென்ருக்குக் கூப்பிட்டுச் சத்தியக் கடதாசி எழுதுவிச்சன். ஒருத்தர், அண்டைக்குத்தான் என்ரை சைக்கிள் களவு போனது, தேடிக்கொண்டு போகேக்கை பிள்ளை அழுத சத்தம் கேட்டது. இன்னொருத்தர், அண்டைக்கு என்ரை ஆடு ரண்டு குட்டி போட்டது, தகப்பன்காரன் ஓடி வந்து தனக்குப் பொம்பிளைப் பிள்ளை எண்டு சொல்ல, எனக்கு ரண்டு எண்டு நான் சொன்னனான். லோயர் வாசிச்சிட்டு, அண்ணை, உது பகிடியோ எண்டார். ஜோனின்ரை கடதாசியைக் காட்டினன். ஆட்டை எடுக்கச் சொன்னார், நான் விடேல்லை. அந்தக் கடதாசியளாலைதான் விசா கிடைச்சுதோ, வேற எதாலையோ, எனக்கு எப்பிடித் தெரியும். ஆனால் கிடைச்சுது.

என்னட்டைக் கார் இல்லை. பொஸ்தான் எயார்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. கதவு திறந்து மனிசி வாறா, மெலிஞ்சுபோனா. அவவின்ரை பாவாடையைப் பிடிச்சுக்கொண்டு ஆறு வயசுப் பிள்ளை. நான் கிட்டப் போனன். பிள்ளை தாய்க்குப் பின்னாலை ஒளிச்சிட்டுது. என்னை மேலையும் கீழையும் பாத்துப்போட்டுத் தாயிட்டைக் கேட்டுது, "இவர்தான் அப்பா எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இவர் என்ரை மாமியின்ரை மகன். சின்னனிலையிருந்து தெரியும்."

"அது உங்களுக்கு. எனக்கு?"

பொஸ் என்ன சொன்னது எண்டு கேட்டா. இங்கிலிசிலை சொன்னன். சிரிக்கத் தொடங்கினவ, பிறகு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. காரிலை மிச்சமாக் கிடந்த தாரா ரீசேட் ஒண்டை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டா, கால்மட்டும் வந்தது. பிள்ளை பொஸ்ஸோடை முன்சீற்றிலை ஏறப் பாத்துது, என்னோடை பின்னாலை இருக்க மாட்டன் எண்டுது.

மூண்டு கிழமை நான் அந்த வீட்டிலை "அவர்". "அம்மா, அவர் வந்திட்டார்." "அம்மா, அவர் தேத்தண்ணி கேக்கிறார்." சரியான கேள்வி கேக்கிற பிள்ளையை என்னெண்டு ஏசுறது. ஒஃபிசிலை, என்ரை மேசையிலை, பொழுதுபோக்குக்கு என்ரை குடும்ப மரத்தையும் கீறி வைச்சிருந்தனான். எனக்கும் அவளுக்கும் நடுவிலை புள்ளிக்கோடு போட்டன்.

நாலாம் கிழமை ஒரு காலமை, பள்ளிக்கூடம் போற அவசரத்திலை, பிள்ளை வந்து காலை நீட்டிச்சு. "அப்பா, உந்தச் சப்பாத்தைக் கட்டிவிடுங்கோ, பஸ் போகப்போகுது."

கட்டிவிட்டன். முதல் முடிச்சுக் கழண்டுபோக, ரண்டாம் தரமும் கட்டவேண்டி வந்தது. பஸ் போயிட்டுது, நடத்திக் கூட்டிக்கொண்டு போய் விட்டிட்டு, ஒஃபிசுக்குப் பிந்திப் போனன். ஜக்கெற்றைக் கழட்டாமலே இருந்து, பேனையை எடுத்துப் புள்ளியளை ஒண்டொண்டா நிரப்பி முழுக்கோடாக்கினன். நிமிந்து பாத்தால் பொஸ் பக்கத்திலை நிக்கிறா. கோட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா. அண்டைக்கு மட்டும் அவ கேள்வி கேக்கேல்லை.